சுவருக்கு அந்தப் பக்கத் தண்ணீர்

2.9.2024, திங்கள்

மூன்றாம் முறையாகத் தண்ணீர் இறைத்து மாற்றியாயிற்று. சிமென்ட் காரம் போய்விட்டது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். இவர் பார்த்துவிட்டார். "ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் ஸ்கூல் லேப்லயே இருக்கே" என்றார்.

குளம் என்று எழுதக் கொஞ்சம் கூச்சம்தான். எட்டடிக்கு ஐந்தடி, முழங்கால் ஆழம், கொல்லையில் வடக்குச் சுவரை ஒட்டி. "சேரன்மாதேவியில ஆறு இருக்கு, கால்வாய் இருக்கு, அப்புறம் வீட்டுக்குள்ள வேற ஒரு குளமாம்மா?" என்று மீனு பெங்களூரிலிருந்து சிரிக்கிறாள். படித்துறையில் இறங்க என் முழங்கால் இப்போது சம்மதிப்பதில்லை என்பதை மகளிடம் சொல்லவில்லை.

இனிச் செடி. இதற்காகத்தான் இத்தனை பாடும். வகுப்பில் பிள்ளைகளை உட்கார வைப்பது மாதிரிதான் இதுவும். உயரமானவர்கள் பின்னால்: சுவரோரம் சம்பும் கோரையும். நடுவில் அல்லி. குட்டைப் பிள்ளைகள் முன்னால்: கரையோரம் வல்லாரை. தாமரை வேண்டாம். அது முதல் ரேங்க் பிள்ளை மாதிரி, மற்றவர்களுக்கு இடமே வைக்காது. வெங்காயத்தாமரையின் ஊதாப்பூ கண்ணைப் பறிக்கும். ஆனால் விருந்தாளியாக வந்து வீட்டையே எழுதி வாங்கிவிடும். கல்வாழை, சேம்பு? சாக்கடையோரச் செடிகள். நம் குளத்துக்கு எதற்கு.

8.9.2024, ஞாயிறு

களிமண் பிள்ளையாரை இந்த வருஷம் நம் குளத்திலேயே கரைத்தோம். ஆற்றங்கரை வரை ஆட்டோ பிடிக்க வேண்டாம் என்று இவருக்குச் சந்தோஷம்.

எனக்கு இன்னொரு சந்தோஷம். சாளக்கிராம பூஜை இவருடையது. அபிஷேகம் செய்த தீர்த்தத்தையும் முந்தின நாள் பூவையும் கால்படாத இடமாகப் பார்த்துச் சேர்ப்பது என்னுடையது, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து. தென்னையடியில் கொட்டுவேன். தேங்காய் பறிக்க வருகிறவர் மிதிப்பார், மனசு உறுத்தும். இனிமேல் குளம்தான். தண்ணீரோடு தண்ணீராகப் போகட்டும்.

11.9.2024, புதன்

அல்லிக்கிழங்கு வந்துவிட்டது. கொண்டுவந்தது இசக்கிமுருகன். வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் கலையரசியின் புருஷன். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பத்தமடைப் பக்கம் போனவன் ஒரு குளத்தில் இறங்கி, கிழங்கும் ஒரு கட்டுக் கோரையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறான். முழங்கால் வரை சேறு. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

கலையரசி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "டீச்சர், அல்லி பூத்தா மொதப் பூவு எனக்கு. இவரு செருப்ப வேற தொலைச்சிட்டு வந்திருக்காரு."

அவள் பின்கட்டில் இரண்டு மெஷின் போட்டு விடுதிப் பிள்ளைகளின் துணி வெளுத்துத் தருகிறாள். காலையிலிருந்து மெஷின் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

20.9.2024, வெள்ளி

அல்லி முதல் இலையை மேலே விரித்துவிட்டது. உள்ளங்கை அகலம். கொசு ஒழிப்புக்கு வந்த பெண் ஒரு பிடி கப்பி மீன் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது என் வகுப்பு நிறைந்துவிட்டது.

28.9.2024, சனி

மொட்டு! தண்ணீருக்கடியில், பென்சில் முனை போல.

4.10.2024, வெள்ளி

கொலு வேலையில் மூன்று நாளாகக் கொல்லைப் பக்கம் சரியாகப் பார்க்கவில்லை. அல்லி இலைகளின் ஓரம் கறுத்திருக்கிறது. மொட்டு அப்படியே நிற்கிறது. வெயில் போதவில்லையோ?

8.10.2024, செவ்வாய்

மொட்டு அழுகிவிட்டது. தொட்டதும் விரலில் கூழாக வந்தது. வல்லாரையும் சொதசொதவென்று. தண்ணீர் மேல் ஏடு மாதிரி ஒன்று. நாற்றம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எட்டு செத்து மிதந்தன.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "திருஷ்டிதான்" என்றார்.

திருஷ்டியாவது. சுவரின் அடிக்கல்லைப் பார்த்தேன். ஈரம். அந்தப் பக்கம் சுவரை ஒட்டித்தான் கலையரசியின் கழிவுத் தண்ணீர் ஓடை போகிறது, நுரையோடு. சோப்பு, நீலம், ப்ளீச். வேறென்ன வேண்டும்?

12.10.2024, சனி — விஜயதசமி

சிவசண்முகம் அண்ணாச்சி பேத்தியை எழுத்தாரம்பத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். கலையரசி இருக்கும் வீடு அவருடையது. அவர் மகள்கள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். குழந்தை அரிசியில் 'அ' எழுதியது. சுழி மட்டும் பெரிதாக வந்தது.

சுண்டல் கொடுக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். வேண்டுமென்று சொல்லவில்லை. "ஓடைத் தண்ணி கசிஞ்சு என் செடியெல்லாம் போச்சு அண்ணாச்சி. மீனும் சாகறது. கிணத்துக்கும் இறங்கிடுமோன்னு பயமா இருக்கு." கிணறு வரை ஏன் இழுத்தேன்?

"டீச்சர் சொன்னா மறுபேச்சு உண்டா?" என்றார். "நா பாத்துக்கிடுதேன்."

16.10.2024, புதன்

மனசு சரியில்லை.

சாயங்காலம் கலையரசி சுவரருகே வந்து நின்றாள். தலையை நீட்டவில்லை, குரல் மட்டும் வந்தது. நான்தான் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன்.

"வீட்டுக்காரரு வந்தாரு டீச்சர். தீவாளி கழிஞ்சதும் மெஷின எடுத்துக்கிட்டு காலி பண்ணணுமாம். தெருவே நாறுதாம் எங்களால. அஞ்சு வருசமா நாறாதது இப்ப நாறுதாம். நீங்கதான் சொன்னீங்களாம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

காலி பண்ணச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை என்றேன். உண்மை. ஆனால் என்ன செய்வார் என்று நினைத்தேன்? ஒன்றுமே நினைக்கவில்லை.

பிறகு, நானா விடுவேன், விளக்கினேன். திரியில் எண்ணெய் மேலே ஏறுகிறது இல்லையா, அதேபோல ஈரம் செங்கல்லில் ஏறி இந்தப் பக்கம் வரும் என்று. கைகளால் படம் வேறு போட்டுக் காட்டினேன். அவள் முழுக்கக் கேட்டாள். கடைசியில்,

"சரி டீச்சர். வரும்னு சொல்லுதீங்க. வந்துச்சான்னு பாத்தீங்களா?" என்றாள்.

முப்பத்தைந்து வருஷமாக நான் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி அது.

"இந்த ஊர்ல மெஷினோட எவன் வீடு குடுப்பான்? தண்ணி வசதி இருக்கணும், விடுதிக்குப் பக்கமா இருக்கணும். நாலு எடம் பாத்துட்டாரு அவரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

24.10.2024, வியாழன்

பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். குற்றம் சொன்னால் நிரூபிக்க வேண்டும்.

குளத்தை இறைத்துக் காலி செய்தாயிற்று. கரையில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டி. இரண்டிலும் கிணற்றுத் தண்ணீர், ஒரே அளவு. மிச்சமிருந்த அல்லிக்கிழங்கில் ஆளுக்கொன்று. ஆளுக்கு ஐந்து மீன். இடது தொட்டியில் மட்டும் தினம் ஒரு குவளை கலையரசியின் ஓடைத் தண்ணீர், தெருவுக்கு வரும் இடத்தில் மொண்டது. வலது தொட்டியில் ஒன்றும் இல்லை, சுத்தத் தண்ணீர். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் சோதனை.

குளம் காலியாக இருக்கிறதே, தீர்த்தத்தை எங்கே கொட்ட என்று இவர் கேட்டார். வலது தொட்டி இருக்கிறதே. அழுக்குத் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் அதைச் சேர்க்க முடியுமா?

25.10.2024, வெள்ளி

இடது: மாற்றமில்லை. வலது: லேசான கலங்கல். தொட்டியைச் சரியாகக் கழுவாமல் வைத்துவிட்டேனோ என்னவோ.

27.10.2024, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

பூஜை முடிந்து பாத்திரத்தோடு கொல்லைக்குப் போனேன். வாய் சுலோகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வலது தொட்டி மேல் பாத்திரத்தைச் சாய்த்தேன். கீழே ஐந்து மீனும் வயிற்றைக் காட்டி மிதந்தன. இலை கறுத்துவிட்டது. அதே ஏடு, அதே நாற்றம். இடது தொட்டியில் ஐந்தும் ஓடிக்கொண்டிருந்தன. புது இலை ஒன்று சுருள் பிரிக்கிறது.

சாய்த்த கை அப்படியே நின்றது. பாத்திரத்தின் விளிம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.

பால். தயிர். தேன். சந்தனம். ஒன்றரை மாதமாகத் தினம் குளத்தில் ஊற்றியிருக்கிறேன். நவராத்திரியில் இரண்டு வேளை.

பாடமே நடத்தியிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேரை அடைத்து, சாப்பாட்டைப் போட்டு, ஜன்னலைச் சாத்தினால் என்ன ஆகும்? மூச்சு முட்டும். தண்ணீரில் பால் விழுந்தால் கிருமிகளுக்கு அதுதான் கல்யாணச் சாப்பாடு. கூட்டம் கூடிவிடும், மீனுக்குக் காற்று இருக்காது. பிள்ளைகள் சிரிப்பார்கள். கேள்வி கேட்டால் கை தூக்குவார்கள்.

நான் ஏன் கை தூக்கவில்லை? ஏனென்றால் அது என் கணக்கில் பாலே இல்லை. தீர்த்தம். அதுகூடப் போகட்டும், பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தொட்டி? இடது தொட்டி அழுக்கு, அதில் தீர்த்தத்தைச் சேர்க்கக்கூடாது என்று யோசித்துத்தானே வலது தொட்டியில் ஊற்றினேன்? தெரியாமல் இல்லை. யோசித்துச் செய்தேன். அந்த யோசனையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வகுப்பில் ஒரு பேனா தொலைந்தால் டீச்சரின் கண் எந்த பெஞ்சுக்கு முதலில் போகிறது? அந்த உதாரணம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

28.10.2024, திங்கள்

சொல்லவில்லை.

29.10.2024, செவ்வாய்

இன்றும் இல்லை. பட்சண வேலை. சாக்குக்கு எண்ணெய்ச் சட்டி இருக்கிறது. அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மதியத்தோடு நின்றுவிட்டது. சாமான் கட்டுகிறார்களோ?

31.10.2024, வியாழன் — தீபாவளி

எல்லா வருஷமும் போல இவர் கையில் தூக்கில் பட்சணம் கொடுத்தனுப்பினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மைசூர்பாகு அனுப்புகிறேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

தூக்கு சாயங்காலம் சுவர் மேல் இருந்தது. நன்றாகத் துலக்கியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு ஸ்பூன் சர்க்கரைகூட இல்லை. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிறவள் இல்லை அவள். போன வருஷம் அதே தூக்கில் முறுக்கு வந்தது, அதற்கு முந்தின வருஷம் அதிரசம்.

அந்தத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

1.11.2024, வெள்ளி

இவரிடம் சொல்லிவிட்டேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"யாருக்குத் தெரியும்? குளத்தை மூடிடுவோம். எல்லாம் அடங்கிடும்."

"எனக்குத் தெரியுமே."

"பெருமாள் தீர்த்தத்தையே நீ கோர்ட்ல ஏத்தறே."

"பெருமாள் எங்கே ஊத்தினார்? நான்னா ஊத்தினேன்."

சாப்பிட உட்கார்ந்தபோது, "அந்தப் பையன் சேத்தில இறங்கி கிழங்கு கொண்டு வந்தான்" என்றார். அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

2.11.2024, சனி

அவள் வீட்டு வாசலுக்குப் போனேன். ஐந்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை. எல்லாப் பேச்சும் சுவருக்கு மேலேயே முடிந்துவிடுகிறதே. அதுவும் இன்றுதான் உறைத்தது.

முன்கட்டில் ஒரு மெஷினைப் படுதாவால் சுற்றிக் கட்டியிருந்தது. இசக்கிமுருகன் எழுந்து நாற்காலி போட்டான். உட்காரவில்லை. ஒப்பித்துவிட்டேன்: பால், தொட்டி, மீன், எல்லாம். உதாரணம் ஒன்றும் சொல்லவில்லை.

கலையரசி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டை, இன்னொரு சட்டை.

"அப்ப எந்தண்ணி இல்ல."

"இல்லம்மா."

"நானும் அதத்தான சொன்னேன் டீச்சர். பத்து மட்டம் சொன்னேன் அண்ணாச்சிகிட்ட. டீச்சரு பொய் சொல்லுவாங்களான்னு கேட்டாரு. அதுக்கு மேல நா என்னத்தச் சொல்ல?"

மன்னித்துக்கொள் என்றேன். அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவள் நான். அந்தச் சொல் வரக் கஷ்டப்பட்டது. வந்தபின்னும் நடுவிலேயே கிடந்தது, யாரும் எடுக்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன டீச்சர்? அவருகிட்டச் சொல்லுங்க" என்றாள். "எங்கிட்ட மெதுவாச் சொன்னது மாரி சொல்லாதீங்க. அவருகிட்ட மொதல்ல சொன்னது தெருவுக்கே கேட்டுச்சுல்லா, அது மாரி சொல்லுங்க."

4.11.2024, திங்கள்

கடையில் கூட்டம். அடுத்த தெரு கோமு வெள்ளை டிஸ்டெம்பர் கேட்டு நின்றுகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு பேர். போகட்டும் என்று காத்திருக்கலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததால்தான் உடனே பேச ஆரம்பித்தேன்.

சிவசண்முகம் அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. "பைய டீச்சர், பைய. சாமி தீர்த்தத்துல மீன் செத்துச்சுன்னு கடையில வச்சுச் சொல்லாதீங்க. கேக்கவே நல்லால்ல."

"சாமி ஒண்ணும் பண்ணலை அண்ணாச்சி. பாலை ஊத்தினது நான்."

"நாங்க ஆத்துல ஊத்துதோம், கோயில்ல ஊத்துதோம். என்ன ஆச்சு? விடுங்க. ஓடைத் தண்ணியாத்தான் இருக்கும்."

அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நான் கொடுத்த பொய்யை என்னிடமிருந்தே காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

கோமு திரும்பினாள். "அப்ப அந்தப் பிள்ள மேல சொன்னதெல்லாம்?"

"தப்பு, கோமு."

"தெரியாமச் சொன்னது" என்று அண்ணாச்சி எனக்காகத் திருத்தினார்.

"விசாரிக்காமச் சொன்னது. கிணறு கெட்டுப் போகும்னு நான் சொன்னேனே, அதுவும் நானாச் சேர்த்ததுதான்."

கோமு டிஸ்டெம்பர் வாளியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். ஆனால் என்னைப் பார்த்த பார்வை... சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போயிருக்கும். போகட்டும். கலையரசி பேர் போன வழியிலேயே என் பேரும் போகட்டும்.

அண்ணாச்சி கடைசியில் இறங்கி வந்தார். "சரி, அவ இருக்கட்டும். ஆனா ஓடைய வச்சு இப்ப எல்லாரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க கொளுத்திப் போட்டதுதான். அதுக்கு ஒரு வழி வேணும்லா?"

வழி என் வாயிலேயே இருந்தது. "என் கொல்லைக்கு விடட்டும். குளம் காலியாத்தானே கிடக்கு."

6.11.2024, புதன்

கலையரசி ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க பக்கம் விட்டா நாளைக்கு ஒண்ணுன்னா மறுபடியும் எம்மேலதான் வரும்." அவள் சொல்வது நியாயம். வராது என்று நான் சொன்னால் எந்த நம்பிக்கையில் எடுத்துக்கொள்வாள்?

நான் திரும்பி வந்துவிட்டேன். இவர்தான் போய் இசக்கிமுருகனிடம் பேசினார். என்ன பேசினாரோ. அரை மணி நேரம் கழித்து வந்து, "கொத்தனாரை வரச் சொல்லு. துளை நம்ம பக்கத்திலேர்ந்து போடணுமாம். அவா கை வைக்க மாட்டாளாம்" என்றார்.

17.11.2024, ஞாயிறு

சுவரின் அடியில் நம் பக்கத்திலிருந்து துளை போட்டுக் குழாய் வைத்தாயிற்று. குளத்தில் பாதி வரை ஜல்லி, அதற்கு மேல் மணல். சோப்புத் தண்ணீர் அதில் பையப் பையப் போக வேண்டும்.

மறுபடியும் செடி தேர்வு. இந்தத் தடவை எனக்குப் பிடித்ததைத் தேடவில்லை, அந்தத் தண்ணீரைத் தாங்குவதைத் தேடினேன். குழாய் வாயருகே கல்வாழை. பக்கத்தில் சேம்பு. அப்புறம் சம்பு. கடைசியில் இசக்கிமுருகன் அன்றைக்குக் கொண்டுவந்த கோரை. அது மட்டும் எல்லாவற்றையும் தாண்டிப் பிழைத்திருக்கிறது. வல்லாரைக்கு இடமில்லை.

கால்வாய்க் கரையில்தான் கல்வாழை வெட்டி வந்தேன். செப்டம்பரில் இதை என்னவென்று எழுதினேன் என்று புரட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இடது தொட்டியை, அல்லியும் மீன்களுமாக, கலையரசி வீட்டு முன்னால் வைத்துவிட்டு வரும்படி இவரிடம் சொன்னேன். வாங்கிக்கொண்டாளாம்.

2.12.2024, திங்கள்

தண்ணீர் வருகிறது. அவள் சுவர்ப்பக்கம் வருவதில்லை.

23.12.2024, திங்கள்

சேம்பு குடை குடையாக நிற்கிறது. மெஷின் இரண்டும் ஓடும் நாளில் குழாய் வாயில் நுரை வருகிறது. கோரை வரை வருவதற்குள் அடங்கிவிடுகிறது. மீனு படம் கேட்டாள். அனுப்பினேன். "அல்லி எங்கம்மா?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். மகளிடம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

19.1.2025, ஞாயிறு

கல்வாழை பூத்திருக்கிறது. சிவப்பு. பூஜைக்குப் பூக்காரி வரவில்லை. பறிக்கக் கை நீட்டினேன். நீட்டிய கை ஒரு கணம் நின்றது. இத்தனைக்குப் பிறகும், இது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று நின்றது. என் கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பறித்தேன். இவர் தட்டில் பார்த்தார், எதுவும் கேட்காமல் எடுத்து வைத்தார்.

தீர்த்தத்தைத் தென்னையடியில் கொட்டிவிட்டுத் திரும்பும்போது சுவருக்கு மேலே தலை தெரிந்தது. ஈரக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இன்னைக்கு ப்ளீச்சு போட்டிருக்கேன். தண்ணிய அங்கன விடல, வாளியில புடிச்சு வச்சிருக்கேன். செடி கருகிரும்லா. நாளைக்கு சாதாத் தண்ணி விடுதேன்."

"சரிம்மா" என்றேன்.

தலை இறங்கிவிட்டது. மெஷின் சுற்ற ஆரம்பித்தது.